எலும்பைப் பார்ப்பதா, ஸ்கேன் எடுப்பதா, துளையிடுவதா, திருப்பிக் கொடுப்பதா?

ஆய்வக மேசைக்கு ஒரு மனித எலும்புக்கூடு வந்து சேர்கிறது. அகழாய்வில் கிடைத்ததாக இருக்கலாம், பழைய அருங்காட்சியகக் கிடங்கில் நூறு வருடம் பெட்டிக்குள் கிடந்ததாக இருக்கலாம், கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டும்போது வெளிப்பட்டதாகவும் இருக்கலாம். அடுத்து என்ன செய்வது? நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. கண்ணாலும் அளவுகருவியாலும் மட்டும் ஆராயலாம். ஸ்கேன் எடுக்கலாம். கொஞ்சம் எலும்பையோ பல்லையோ பொடியாக்கி டிஎன்ஏ, காலக்கணிப்பு, ஐசோடோப் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடை அணுக்கள்) சோதனைகளுக்கு அனுப்பலாம். அல்லது ஆராயாமலே உரியவர்களிடம் ஒப்படைக்கலாம்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எதில் அதிகத் தகவல் கிடைக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் டிஎன்ஏ எப்போதும் ஜெயித்துவிடும். நான் வேறு இரண்டு கேள்விகளை முன்னால் வைப்பேன். இந்த விடை யாருக்கு வேண்டும்? விடை கிடைத்த பிறகு எலும்பில் என்ன மிச்சம் இருக்கும்? மேசையில் கிடப்பவர் ஒரு காலத்தில் நடமாடிய மனிதர். அவரிடம் சம்மதம் கேட்க நமக்கு வழியே இல்லை. அதனால் நம் ஆர்வத்துக்கு எல்லை போட வேண்டிய பொறுப்பு நம் தலையில்தான் விழுகிறது.

ஒப்பீட்டுக்குப் போகும் முன் சட்ட விஷயத்தை முடித்துவிடலாம். எலும்பு அண்மைக் காலத்தது என்று சிறு சந்தேகம் இருந்தாலும் முதலில் காவல்துறை, அப்புறம்தான் ஆய்வகம். பழையது என்றாலும் நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனில் 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டம், இறந்து நூறு ஆண்டுக்குள் இருப்பவர்களின் உடற்பகுதிகளுக்குத் தனி ஒப்புதல் முறை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1990-இல் வந்த நாக்ப்ரா சட்டம், பூர்வகுடி மக்களின் எலும்புகளைத் திருப்பித் தரச் சொல்கிறது. 2024 ஜனவரியில் அமலான அதன் புதிய விதிகள், காட்சிக்கு வைப்பதற்கும் ஆய்வு செய்வதற்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும் என்கின்றன. சட்டங்களுக்கு அப்பால் இந்தத் துறை எடுத்துக்காட்டுவது 1989-இல் உலகத் தொல்லியல் மாநாட்டு அமைப்பு ஏற்ற வெர்மிலியன் உடன்படிக்கை. இறந்தவருக்கு மரியாதை, அவருடைய விருப்பத்துக்கு மரியாதை, அவர் சமூகத்தின் விருப்பத்துக்கு மரியாதை, ஆய்வின் மதிப்புக்கும் மரியாதை என்று அது பட்டியலிடுகிறது. ஆய்வு அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அது ஒன்றே பட்டியல் ஆகிவிடவில்லை.

கண்ணும் கையும்

இதை ஆரம்பக் கட்டம் என்று நினைத்துப் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். என் கணக்கில் நான்கிலும் இதுதான் வலுவான வழி. நல்ல நிலையில் இருக்கும், வளர்ந்த ஒருவரின் எலும்புக்கூடு என்றால், இடுப்பெலும்பைப் பார்த்தே ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடலாம். தொடை எலும்பின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணிக்கலாம். காறை எலும்பின் உட்புற முனை இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுதாக இணையும். அது இணையாமல் இருந்தால் இளவயதில் போனவர் என்று தெரிந்துவிடும். ஆறிய முறிவு, தேய்ந்த மூட்டு, முதுகெலும்பை அரித்த காசநோய், சிறுவயதில் கடும் நோயோ பசியோ வந்துபோனதைக் காட்டும் எனாமல் கோடுகள் என எல்லாமே பார்வைக்குக் கிடைக்கும். எலும்பிலிருந்து ஒரு துகள்கூடக் குறையாது. 1990 சட்டத்துக்குப் பிறகு எலும்புகள் திரும்பிப் போகப் போகின்றன என்ற நெருக்கடி வந்தபோது, எல்லோரும் ஒரே முறையில் பதிவு செய்ய 1994-இல் ஒரு தரநெறித் தொகுப்பு வெளியிட்டார்கள். இன்றும் பல ஆய்வகங்களின் பதிவுத் தாள்கள் அதை ஒட்டியே இருக்கின்றன.

இதன் குறைகளும் கண்கூடானவை. குழந்தைகளின் எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்பிச் சொல்ல முடியாது. நடுவயதைத் தாண்டியவர்களின் வயதுக் கணிப்பு அகன்றுகொண்டே போகும், இரண்டு பேர் பார்த்தால் இரண்டு விடை வரும். சில நாளிலேயே ஆளைக் கொன்றுவிடும் நோய்கள் எலும்பில் தடமே விடுவதில்லை. கொள்ளை நோயில் (பிளேக்) இறந்தவரின் எலும்பு ஆரோக்கியமானவரின் எலும்பைப் போலவே இருக்கும்.

தொட்டுப் பார்ப்பதால் எந்தச் சேதமும் இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் விளிம்புகள் கொஞ்சம் உதிர்கின்றன. கண்குழிக்குள் விரல் விட்டோ கன்ன எலும்பு வளைவைப் பிடித்தோ மண்டை ஓட்டைத் தூக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில், கீழே மெத்தை விரித்த மேசை. ஒரு மேசையில் ஒருவர் மட்டும். இரண்டு பேரின் விலா எலும்புகள் ஒரு முறை கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு, சில சமயம் முடியவே முடியாது. செல்ஃபி, செல்லப் பெயர், கேலி எதுவும் அறைக்குள் வரக் கூடாது. இதையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களின் மேசையில் கலந்த பெட்டிகளையும் காணாமல் போன பல்லையும் நான் பார்த்திருக்கிறேன். மரியாதையும் துல்லியமும் ஒரே பழக்கத்திலிருந்துதான் வருகின்றன.

சுத்தம் செய்யும் வேலையையே எடுத்துக்கொள்வோம். காதுத் துளையில் மண் இறுகிக் கிடக்கும். ஊசியால் நோண்டிக் கொட்டிவிட்டால் ஒரு நிமிட வேலை. அப்படிச் செய்யாமல், வெள்ளைத் தட்டுக்கு மேல் மண்டை ஓட்டைச் சாய்த்துப் பிடித்து, மரக்குச்சியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்து, நுண்ணிய சல்லடையில் சலித்துப் பாருங்கள். சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று செவிச் சிற்றெலும்புகள் கிடைக்கலாம். அங்கவடியின் உயரமே சுமார் 3 மில்லிமீட்டர்தான். அதன் இரு கால்களுக்கு நடுவே உள்ள துளையைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும். இந்தச் சிற்றெலும்புகளில் கிடைக்கும் டிஎன்ஏ, மண்டை ஓட்டின் மிக அடர்ந்த பகுதியில் கிடைப்பதற்கு ஈடாக இருப்பதாக 2020-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆக, சுத்தம் செய்பவரின் பொறுமை, பின்னால் மண்டை ஓட்டில் துளை போட வேண்டுமா என்பதையே தீர்மானிக்கக் கூடும். பல்லும் அப்படித்தான். பளிச்சென்று தெரியவேண்டும் என்று பிரஷ்ஷால் தேய்த்தால், பல்லில் படிந்த காரை போய்விடும். அந்த மனிதர் சாப்பிட்டதன் மாவுத் துகள்களும் அவர் வாயில் வாழ்ந்த கிருமிகளின் டிஎன்ஏவும் அதற்குள்தான் இருக்கின்றன.

ஸ்கேன்

ஸ்கேன் என்றாலே பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மேற்பரப்பை மட்டும் பதிவு செய்யும் ஒளி ஸ்கேனரும், பல கோணப் புகைப்படங்களைச் சேர்த்து முப்பரிமாண உருவம் செய்யும் முறையும் எலும்பைப் பொறுத்தவரை அப்படித்தான். உள்ளே பார்க்க வேண்டுமானால் எக்ஸ்ரேயால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சிடி, இன்னும் நுணுக்கமாக என்றால் மைக்ரோ சிடி. உட்செவியின் சுருள் வடிவம், முளைக்காத பற்கள், உள்ளுக்குள் ஆறிய முறிவு ஆகியவை வெட்டாமலே தெரியும். ஆனால் எக்ஸ்ரே கதிர் அளவு மிக அதிகமானால் பழைய டிஎன்ஏ சிதைகிறது. 2016-இல் வந்த ஆய்வு ஒன்று, மொத்தக் கதிர்ப்பு 200 கிரேக்கு (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கீழே இருக்கட்டும் என்று பரிந்துரைத்தது. வழக்கமான மருத்துவ சிடி இதற்கு வெகு கீழே இருப்பதால் பயம் இல்லை. மிகத் தீவிரமான எக்ஸ்ரே தரும் சிங்க்ரோட்ரான் போன்ற கருவிகளில்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. எலும்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், கணினிக் கோப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஒரு மண்டை ஓட்டின் முப்பரிமாணக் கோப்பு இணையத்தில் ஒரு முறை ஏறிவிட்டால், அதை யாரும் பதிவிறக்கி பிளாஸ்டிக்கில் அச்சடித்து மேசை அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். அடக்கம் செய்யப்பட்டவரின் முகம் அப்போதும் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்கேன் எடுக்க ஒரு ஒப்புதல், கோப்பைச் சேமிக்க ஒரு ஒப்புதல், பகிர ஒரு ஒப்புதல் என்று தனித்தனியாகக் கேட்பதே நியாயம். எலும்பு சீக்கிரம் திரும்பிப் போகப் போகிறது என்றால் மற்ற மூன்று வழிகளைவிட ஸ்கேன்தான் அவசரமானது. எலும்பு பத்திரமாக நம்மிடமே இருக்கப் போகிறது என்றால், காரணம் இல்லாமல் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

துளையிடுவது

மற்ற வழிகளில் கிடைக்காத விடைகள் இதில் கிடைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் 1348-49 காலத்தில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்துதான் கொள்ளை நோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 2011-இல் மீட்டார்கள். அந்த எலும்புகளை எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது தெரிந்திருக்காது. பல் எனாமலில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் என்ற தனிமம், அந்த மனிதர் குழந்தையாக இருந்தபோது எந்த மாதிரி நிலப்பரப்பில் வளர்ந்தார் என்பதைச் சொல்லும். எலும்பின் புரதமான கொலாஜனில் உள்ள கார்பனும் நைட்ரஜனும் உணவைச் சொல்லும்.

விலையும் உண்டு. எடுத்தது எடுத்ததுதான், ஒட்ட வைக்க முடியாது. டிஎன்ஏவுக்கு மிக ஏற்ற இடம், உட்செவியைச் சுற்றி இருக்கும் பெட்ரஸ் என்ற பகுதி. உடம்பிலேயே மிக அடர்ந்த எலும்பு அதுதான். மற்ற எலும்புகளைவிடப் பல மடங்கு டிஎன்ஏ அதில் தங்குகிறது என்று 2014, 2015 வாக்கில் தெளிவான பிறகு, உலகம் முழுக்க ஆய்வகங்கள் பெட்ரஸைத் தேடி ஓடின. உடைந்த மண்டை ஓடுகளிலிருந்து அது அப்படியே பெயர்த்து எடுக்கப்பட்டது, ஒரு பக்கம் மட்டுமல்ல, சில இடங்களில் இரு பக்கமும். அதோடு உட்செவியின் வடிவம் சொல்லியிருக்கக் கூடிய தகவலும் போயிற்று. 2017-இல் மண்டை ஓட்டின் அடிப்பக்கமாகச் சிறு துளை போட்டுப் பொடி எடுக்கும் முறை வந்தது. முழு மண்டை ஓடு கையில் இருந்தால் இதைத் தவிர வேறு முறையை நான் ஏற்கமாட்டேன்.

இந்த வழிக்குள்ளேயே பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கிறது, அதைக் கவனிக்காமல் "சேதம் விளைவிக்கும் ஆய்வு" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ரேடியோ கார்பன் காலக்கணிப்புக்கு வழக்கமாக அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை எலும்பு கேட்பார்கள். டிஎன்ஏவுக்கு 50 மில்லிகிராம் பொடி போதும். எனாமல் புரதத்துக்கோ, பல்லின் மேல் ஒரு சிறு பகுதியில் நீர்த்த அமிலம் பட்டால் போதும். எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்குரிய அமெலோஜெனின் புரதத் துண்டுகள் அந்தத் திரவத்தில் வந்துவிடும், பல் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். 2017-இல் வந்த இந்த முறை, குழந்தைகளின் எலும்புகள் விஷயத்தில் பழைய தயக்கத்தை மாற்றிவிட்டது. ஒரு குழந்தை ஆணா பெண்ணா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் அதற்காக டிஎன்ஏ எடுப்பது இனி தேவையற்றது.

அனுமதி விஷயத்தில்தான் இந்த வழி அதிகம் சறுக்குகிறது. அமெரிக்காவின் சாக்கோ பள்ளத்தாக்கில் புதைக்கப்பட்டவர்களின் டிஎன்ஏ ஆய்வு 2017-இல் வெளியானபோது, அவர்களோடு தொடர்புள்ள பூர்வகுடிகளிடம் கலந்து பேசவே இல்லை என்ற கண்டனம் எழுந்தது. எலும்புகளை வைத்திருந்த அருங்காட்சியகம் அனுமதி தந்தது, சட்டப்படி பிழை சொல்ல முடியாமலும் இருந்திருக்கலாம். ஆனால் டிஎன்ஏ ஒருவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை, உயிரோடு இருக்கும் உறவினர்களைப் பற்றியும் பேசுகிறது. தாய்வழி யார், யாருக்கு யார் உறவு என்பதை ஒரு சமூகம் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டி வருவது முறையா? 2021-இல் 31 நாடுகளைச் சேர்ந்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் ஐந்து பொது நெறிகளை முன்வைத்தார்கள். முன்கூட்டியே விரிவான திட்டம், குறைந்த சேதம், தொடர்புள்ளவர்களோடு பேச்சு ஆகியவற்றில் எனக்கு முழு உடன்பாடு. மற்றவர்கள் சரிபார்க்கத் தரவைத் திறந்து வைக்க வேண்டும் என்ற நெறியில் மட்டும், வழித்தோன்றல்கள் இருக்கிற இடத்தில் அவர்கள் சொல்லும் நிபந்தனை முந்த வேண்டும் என்பேன்.

திருப்பிக் கொடுப்பது

ஆராயாமல் கொடுத்துவிட்டால் அறிவு நஷ்டம் என்று வாதிடுபவர்கள் வழக்கமாகக் காட்டுவது கென்விக் மனிதரை. 1996-இல் அமெரிக்காவில் கொலம்பியா ஆற்றங்கரையில் கிடைத்த, எட்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழைய எலும்புக்கூடு. பூர்வகுடிகள் தங்கள் மூதாதை என்றார்கள். விஞ்ஞானிகள் வழக்குப் போட்டு, 2004-இல் மேல்முறையீட்டில் வென்று, ஆராய்ந்தார்கள். முதலில் நடந்த டிஎன்ஏ முயற்சிகள் எதுவும் பலிக்கவில்லை. 2015-இல் கையெலும்பின் ஒரு சிறு துணுக்கிலிருந்து மரபணுத் தொகுதி கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தங்கள் டிஎன்ஏவைத் தந்தவர்கள், எதிர்த்து நின்ற பழங்குடிகளில் ஒன்றான கோல்வில் மக்கள். முடிவு என்ன? அவர் இன்றைய பூர்வகுடிகளுக்கு நெருங்கியவர். 2017-இல் அவரை அடக்கம் செய்தார்கள். இதில் இரு தரப்புக்கும் பாடம் இருக்கிறது. காத்திருந்ததால் ஆய்வுக்கு நன்மை வந்தது, குறைந்த எலும்பில் விடை கிடைத்தது. அந்தக் காத்திருப்புக்கு விலை கொடுத்தவர்கள், தங்கள் மூதாதை இருபது வருடம் பெட்டியில் கிடப்பதைப் பார்த்தவர்கள். "காத்திருப்போம்" என்று ஆய்வகம் சொல்வது யாருக்கும் தீங்கில்லாத முடிவு போலத் தோன்றும், அது அப்படி அல்ல.

ஆனால் ஆய்வா ஒப்படைப்பா என்று எதிரெதிராக நிறுத்துவதே பல சமயம் பொய்யான தேர்வு. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் பல்கலைக்கழகம், தன்னிடம் முறைகேடாகச் சேர்ந்த எலும்புக்கூடுகள் இருப்பதை 2017-இல் கண்டறிந்தது. அவற்றில் ஒன்பது, 1920-களில் சதர்லாந்து என்ற ஊரிலிருந்து எடுத்துவரப்பட்டவை. பல்கலைக்கழகம் வழித்தோன்றல் குடும்பங்களைத் தேடிப் போனது. அந்தக் குடும்பங்கள் அடக்கத்தைக் கேட்டதோடு, அதற்கு முன் ஆராய்ந்து சொல்லுங்கள் என்றும் கேட்டன: இவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி இறந்தார்கள், எப்படி இருந்தார்கள்? டிஎன்ஏ, ஐசோடோப், முக மீட்டுருவாக்கம் வரை எல்லாம் நடந்தது. 2023 நவம்பரில் அடக்கம் நடந்தது. நியூயார்க்கில் 1991-இல் வெளிப்பட்ட ஆப்பிரிக்க இடுகாட்டிலும் இதே கதைதான். 419 பேரின் எலும்புகளை எங்கே, யார், எந்தக் கேள்வியோடு ஆராய வேண்டும் என்பதை வழித்தோன்றல் சமூகம் போராடி முடிவு செய்தது, 2003-இல் அனைவரையும் மறுபடி அடக்கம் செய்தார்கள். சரியாகக் கேட்டால் மறுப்புத்தான் வரும் என்று பயப்படும் ஆய்வாளர்களுக்கு நான் இந்த இரண்டையும்தான் சொல்வேன். மறுப்பு வந்தால் அதையும் ஏற்க வேண்டும், அது தனி.

இறந்தவரின் விருப்பமே தெரிந்திருந்தால் எனக்குக் குழப்பமே இல்லை. 1783-இல் இறந்த அயர்லாந்துக்காரர் சார்லஸ் பைர்ன், தன் மிக உயரமான உடலை மருத்துவர்கள் அபகரிப்பார்கள் என்று பயந்து, கடலில் அடக்கம் செய்யச் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவர் உடல் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பைர்னின் பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், அதீத வளர்ச்சிக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2011-இல் கண்டுபிடித்தார்கள். லண்டன் ஹன்டேரியன் அருங்காட்சியகம் 2023-இல் மறுபடி திறந்தபோது அவர் எலும்புக்கூடு காட்சியிலிருந்து நீக்கப்பட்டது, ஆனால் ஆய்வுக்கென்று வைத்திருக்கிறார்கள். முக்கியமான விடை கிடைத்தாகிவிட்டது, ஸ்கேனும் எடுத்து வைத்துக்கொள்ள முடியும். இதற்கு மேலும் வைத்திருக்க என்ன நியாயம்? அவர் கேட்டதைச் செய்ய வேண்டும்.

சரி, எதை எப்போது?

வழித்தோன்றல்கள் தெரிந்திருந்தால், கண்ணால் பார்த்துப் பதிவு செய்யும் வேலையைக்கூட அவர்களிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள். மற்ற மூன்றும் அவர்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தவை. தொடர்புடையவர்கள் யாரும் இல்லாத மிகப் பழைய எலும்பு, பெரிய அகழாய்வுத் தொகுதியில் ஒன்று என்றால், முழுப் பதிவு, அப்புறம் தேவையானவற்றுக்கு மட்டும் சிடி, பிறகு எழுதி வைத்த ஒரே ஒரு கேள்விக்கு மிகச் சிறிய மாதிரி என்ற வரிசையே சரி. மாதிரி எடுக்கும் இடத்தை எடுப்பதற்கு முன் அளந்து, படம் எடுத்து, முடிந்தால் வார்ப்பும் எடுத்துவிடுங்கள். தொகுதி முழுவதிலும் எடுக்காதீர்கள். சிலரை நாளைய முறைகளுக்காகத் தொடாமல் விடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்றே தெரியாத எலும்புகள்தான் கடினம். 1985-இல் இந்திய அரசு மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை, உலகின் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன கற்பித்தல் எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனவை. அவர்கள் யார், சம்மதித்தார்களா என்பதற்குக் காகிதம் கிடையாது. இப்படிப்பட்ட பெட்டி உங்களிடம் இருந்தால், மாதிரி எடுப்பதை நிறுத்தி வையுங்கள். கற்பிக்க வார்ப்புப் பிரதிகள் போதும். முதல் வேலை பழைய ரசீது, கொள்முதல் பதிவேடு, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு ஆகியவற்றைத் தேடுவது. டிஎன்ஏவால் ஊரைக் கண்டுபிடித்துத் திருப்பித் தரலாமே என்று சிலர் கேட்கிறார்கள். டிஎன்ஏ பரந்த நிலப்பகுதியைச் சொல்லும், யாருடைய வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லாது. காகிதத் தடம் முற்றிலும் தீர்ந்த பிறகு, திருப்பி அனுப்பும் திட்டம் கையில் இருந்தால் மட்டும் அதைப் பரிசீலிக்கலாம்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தத்தில் ஒரு வரி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது: மிச்சம் எங்கே போகும்? 50 மில்லிகிராம் எடுத்து 30 பயன்பட்டால் மீதிப் பொடி ஒரு குழாயில், பிரித்தெடுத்த டிஎன்ஏ உறைபெட்டியில், வெட்டிய பல்லின் பாதி இன்னொரு நாட்டு ஆய்வகத்தின் அலமாரியில் தங்கிவிடும். எலும்பைப் பெற்று அடக்கம் செய்த குடும்பம் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும். மாதிரி எடுக்கும் நாளிலேயே ஒவ்வொரு குழாய்க்கும் எண், எடை, இருக்கும் இடம், திரும்ப வேண்டிய தேதி எழுதி, ஒரு பிரதியைக் குடும்பத்திடமோ பொறுப்பில் உள்ள அமைப்பிடமோ கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் ஆய்வகத்துக்கு, அது எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும், நான் மாதிரி அனுப்புவதில்லை.